ஷெரிஃப் தெருவில் கிடந்த கடிதங்கள்

1979 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. அன்றைக்கு அயர்லாந்தில் நின்றுபோன தபால் ஜூன் மாதக் கடைசியில்தான் மறுபடி ஓட ஆரம்பித்தது. நடுவில் 18 வாரம். கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை, தந்தி இல்லை. எனக்கு அப்போது 21 வயது. மலேசியாவிலிருந்து வந்து டப்ளினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் என் மருமகன், “கூரியரில் அனுப்பியிருக்கலாமே அத்தை” என்கிறார். பாவம், அவர் பிறந்ததே 1985-இல். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் இந்தப் பேச்சு வந்தது. ஐரிஷ் நண்பர்களுக்கு அது ஒரு சிரிப்புக் கதை. பில் வராத பொற்காலம், காதல் கடிதம் போய்ச்சேராத சோகம், இப்படி ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். எனக்கும் பாதி சிரிப்புத்தான். மீதிப் பாதியையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. இந்தியாவில் பி அண்ட் டி என்று இருந்ததே, அதே பெயரில் அயர்லாந்திலும் ஒரு துறை இருந்தது. தபால், தந்தி, தொலைபேசி மூன்றுக்கும் ஒரே அமைச்சகம், ஒரே அமைச்சர். கடிதம் கொண்டுவருகிறவரும், கடிதம் பிரிக்கிறவரும், டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டர் பெண்ணும் ஒரே சங்கம். ஆகவே அவர்கள் வெளியே வந்தபோது, கடிதத்துக்குப் பதில் போன் என்ற வழியும் பெரும்பாலும் அடைபட்டது. டப்ளினுக்குள் தானாக டயல் செய்யும் போன்கள் வேலை செய்தன. ஆனால் கிராமப்பக்கம் நிறைய இடங்களில் கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்சுதான். அந்த வகையில் கடைசியாக இருந்த கிளேர் மாவட்டத்து மவுண்ட்ஷானன் எக்ஸ்சேஞ்ச் 1987-இல்தான் மூடப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஊர்களில் இருந்தவர்களுக்கு அந்த 18 வாரமும் வாய், காது இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி.

எங்களுக்கு மலேசியாவுக்குப் போன் என்பதே ஆபரேட்டர் வழியாகத்தான். அதுவும் யாராவது செத்தால்தான் செய்வோம். எங்கள் உயிர்நாடி ஏரோகிராம், அதாவது எழுதும் தாளே மடித்தால் உறையாகும் விமானத் தபால்.

ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு எதிரே இருக்கும் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் அப்போது மலேசியப் பிள்ளைகள் நிறையப் பேர். மலாய், சீனர், தமிழர், பஞ்சாபி எல்லோரும் உண்டு. பலர் ரத்மைன்ஸ் பகுதியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தோம். பெரிய பழைய செங்கல் வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருப்பார்கள். நான் இருந்த வீட்டில் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா, மேலே நாங்கள் பெண்கள் மட்டும். வீட்டுக்காரம்மா மேயோ மாவட்டத்திலிருந்து வந்த விதவை. மூத்த மகன் லண்டனில் கட்டட வேலை. அவன் அனுப்பும் மணியார்டருக்காக வெள்ளிக்கிழமை காலையில் அவர் கூடத்திலேயே ஏதாவது வேலை வைத்துக்கொண்டு நிற்பார். நான் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் கடிதத்துக்காக மாடிப்படியில் நிற்பேன்.

அப்பா தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். ஆபீஸ் கடிதத்துக்கு எப்படி எண் போட்டு, தேதி போட்டு, கார்பன் வைத்து நகல் எடுப்பாரோ, மகளுக்கு எழுதும் கடிதத்துக்கும் அதேதான். மேல் மூலையில் சிவப்பு மையில் ஓர் எண். “எண் 29 கிடைத்ததா? பதில் இல்லை” என்று அடுத்த கடிதத்தில் விசாரணை வரும். ஏரோகிராமின் மூன்று மடிப்பும் நிறைந்து, ஒட்டும் ஓரத்தில் அம்மாவுக்கு இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருப்பார். அம்மா அதில் எழுதுவது எப்போதும் சாப்பாடு பற்றி.

எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் ஐம்பதை நெருங்கும் மனிதர், ஒல்லி, ஐந்து பிள்ளைகள். வெளிநாட்டு நீல உறை இருந்தால் மற்றக் கடிதங்களோடு சேர்த்துக் கதவுத் துவாரத்தில் போடமாட்டார். கதவைத் தட்டி “மலாயா!” என்று கத்துவார். நாடு மலேசியாவாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு மறுநாளும் “மலாயா!”தான்.

ஸ்டிரைக் தொடங்கிய வாரம் ரத்மைன்ஸ் தபால் ஆபீஸ் வாசலில் அவரைப் பார்த்தேன். சீருடை இல்லாமல், கழுத்தில் அட்டை தொங்க, இன்னும் மூன்று பேரோடு நடந்துகொண்டிருந்தார். மழைத் தூறல். “என் கடிதம் எங்கே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். “ஷெரிஃப் தெருவில் பத்திரமாக இருக்கிறது கண்ணு. யாரும் தொடமாட்டார்கள், நானே சாட்சி” என்றார். ஷெரிஃப் தெரு என்பது கனொலி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், டப்ளின் தபால் முழுக்கக் குவிந்து பிரிபடும் இடம். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

கோரிக்கை சம்பளம்தான். விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. அரசு, சம்பள உயர்வுக்கு ஏற்கெனவே வைத்த எல்லையைத் தாண்டமாட்டேன் என்று நின்றது. தாண்டினால் மற்ற அரசு ஊழியர் எல்லோரும் அதே கேட்பார்கள் என்ற பயம். ஏறக்குறைய 13,000 பேர் வெளியே. அமைச்சர் போட்ரிக் ஃபாக்னர், பிரதமர் ஜாக் லிஞ்ச். இரண்டு பேருமே சாந்தமான மனிதர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். சாந்தமானவர்கள் பிடிவாதம் பிடித்தால் அது சீக்கிரம் தளராது என்பதை அந்த வருஷம் பார்த்தேன்.

தபால்காரர் எனக்குச் சொன்ன கணக்கு வேறு. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, ஓவர்டைம் பார்த்தால்தான் குடும்பம் ஓடும். ஓவர்டைமை எடுத்துவிட்டால் மீதி இருப்பது சம்பளமே இல்லை என்றார். அவருடைய அப்பாவும் தபால்காரர்தானாம். 1922 செப்டம்பரில், நாடு பிரிட்டனிடமிருந்து பிரிந்து வரும் சமயத்திலேயே, தபால்காரர்கள் ஸ்டிரைக் செய்திருக்கிறார்கள். புது அரசு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று சொல்லிவிட்டது. “எங்கள் சுதந்திரத்தை அறிவித்தது ஒரு தபால் ஆபீஸ் வாசலில். அது கிடைத்ததும் முதலில் அடி வாங்கியது தபால்காரன்” என்றார். 1916 எழுச்சியில் குடியரசுப் பிரகடனம் வாசிக்கப்பட்டது ஓகானல் தெருவிலுள்ள தலைமைத் தபால் ஆபீஸ், ஜி.பி.ஓ. முன்னால்தானே, அதைச் சொன்னார். அந்தத் தூண்களுக்குக் கீழேதான் இப்போது மறியல் அட்டைகள்.

நான் தோட்டத்துப் பிள்ளை. ஸ்டிரைக் என்றால் என்ன என்று தெரியாமல் வளரவில்லை. ஆனால் கிராணி வீட்டுப் பிள்ளை, அதாவது ஆபீஸ் ஜன்னலுக்கு உள்பக்கத்திலிருந்து பார்த்தவள். வெளியே நிற்கிறவரிடம் நின்று பேசியது ரத்மைன்ஸ் நடைபாதையில்தான் முதல் தடவை.

மார்ச் வந்தது. அப்பா அனுப்ப வேண்டிய பேங்க் டிராஃப்ட் வரவில்லை. எப்படி வரும்? அதுவும் பதிவுத் தபாலில்தானே வரும். வாடகை நாளன்று வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்றேன். ஸ்டிரைக்காரர்களைப் பற்றி ஐந்து நிமிஷம் திட்டினார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார். அந்த நோட்டு ஏற்கெனவே ஒரு ஸ்டிரைக் பார்த்த நோட்டு. 1970-இல் அயர்லாந்து வங்கிகள் மே மாதத்திலிருந்து நவம்பர்வரை மூடிக்கிடந்தன. ஆறு மாதத்துக்கும் மேல். நாடு நின்றுவிடவில்லை. ஒருவருக்கொருவர் செக் எழுதிக் கொடுத்தே காலத்தை ஓட்டினார்கள். யாருடைய செக் தேறும், யாருடையது தேறாது என்று மதுக்கடைக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும், ஏனென்றால் தெருவில் எல்லோரையும் அவர்களுக்குத் தெரியும். “ஆறு மாதம் வங்கியில்லாமல் சமாளித்தவள் நான். ஒரு மலாயாப் பெண்ணின் வாடகைக்காகவா கலங்குவேன்?” என்றார். தபால்காரர் வாயிலிருந்து இவருக்கும் அந்த மலாயா தொற்றியிருந்தது.

அவருக்கே மகனின் மணியார்டர் வரவில்லை. மேயோவில் இருந்த அவருடைய அக்காவுக்குப் போன் போடவும் முடியவில்லை. அது கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலையில் பஸ் நிலையத்துக்குப் போவார். வார இறுதிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள், செவிலியர்கள், யாராவது அந்தப் பக்கத்தவர் இறங்கினால், கையில் கடிதம் இருக்கிறதா என்று கேட்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். அங்கே அவரைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். இறங்குகிறவர்கள் கோட்டுப் பையிலிருந்து கத்தை கத்தையாக உறைகளை எடுத்து, முகவரியை உரக்கப் படிக்கிறார்கள். “ஃபிப்ஸ்பரோ யாராவது? டிரம்காண்ட்ரா யாராவது?” அந்தப் பக்கம் போகிறவர் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். முகம் தெரியாதவர் கையில் அடுத்தவர் வீட்டுக் கடிதம். உறையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்கள். (படித்திருக்கமாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அயர்லாந்துக்காரர்களுக்கு ஊர்வம்பு நம்மவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.)

எங்களுக்கு வழி வடக்கே திறந்தது. எல்லையைத் தாண்டினால் வட அயர்லாந்து. அங்கே பிரிட்டிஷ் தபால், அது வழக்கம்போல ஓடுகிறது. டப்ளினிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நியூரி. எங்கள் சீனியர் ஒருவரிடம் கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கார் ஒன்று இருந்தது. மலேசியப் பிள்ளைகள் எல்லோரிடமும் கடிதங்களை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலையில் கிளம்புவார். பெட்ரோலுக்கு ஆளுக்குக் கொஞ்சம். நானும் சில தடவை போனேன்.

ட்ரோஹடா, டண்டாக் தாண்டியதும் எல்லை. 1979 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே கலவரம் ஓயாமல் நடந்துகொண்டிருந்த காலம். சோதனைச்சாவடியில் பிரிட்டிஷ் ராணுவம், முகத்தில் கறுப்பு மை பூசிய, எங்கள் வயதுப் பையன்கள். ஒரு பை நிறையக் கடிதம் என்றால் பார்க்காமல் விடுவார்களா? பையை பானட்டின் மேல் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினான் ஒருவன். காற்று அடித்தது. பறந்துவிடாமல் நாங்கள் இரண்டு பக்கமும் கையால் அணை கட்டி நின்றோம். என் ஏரோகிராமை எடுத்தவன் முகவரியை இரண்டு தடவை படித்தான். “சுங்கை சிப்புட். என் அப்பா அங்கே இருந்திருக்கிறார், ராணுவத்தில்” என்றான். இருந்திருக்கலாம். 1948 ஜூனில் எங்கள் ஊரில் வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதோடுதான் மலாயாவில் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. அதன்பின் பன்னிரண்டு வருஷம் இங்கிலாந்திலிருந்து பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். “அட்டைப்பூச்சியும் மழையும் என்பார் அப்பா. வேறு எதுவும் சொன்னதில்லை” என்றான். அட்டைப்பூச்சிகள் இன்னும் இருக்கின்றன என்றேன். சிரித்தான். கடிதங்களைத் திரும்பப் பைக்குள் போட அவனும் கை கொடுத்தான்.

நியூரி தபால் ஆபீஸ் முன்னால் பார்த்தால் திருவிழா. டப்ளின் நம்பர் போட்ட கார்கள் வரிசையாக நிற்கின்றன. கம்பெனி ஆட்கள் டிக்கியைத் திறந்து இன்வாய்ஸ் மூட்டைகளை இறக்குகிறார்கள். உள்ளே எலிசபெத் ராணியின் தலை போட்ட ஸ்டாம்புக்கு வரிசை. காலம் காலமாக அந்த ராணியின் தலையைத் தங்கள் கடிதத்தில் ஒட்டமாட்டோம் என்று போராடிய நாட்டுக்காரர்கள், நாக்கால் நக்கி நக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பேச்சில் அசல் டப்ளின்.

ஸ்டாம்புக்குக் காசு கொடுப்பதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. முதலில் போனபோது ஐரிஷ் பவுண்டும் பிரிட்டிஷ் பவுண்டும் ஒன்றுக்கு ஒன்று. டப்ளின் கடைகளில் இரண்டு நாட்டுக் காசும் கலந்தேதான் புழங்கும். மார்ச்சில் அயர்லாந்து ஐரோப்பிய நாணய அமைப்பில் சேர்ந்தது. பிரிட்டன் சேரவில்லை. மார்ச் 30-ஆம் தேதி ஒன்றுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு முறிந்தது, ஐரிஷ் பவுண்டின் மதிப்பு கீழே போயிற்று. அடுத்து நாங்கள் நியூரிக்குப் போனபோது கடைக்காரர் எங்கள் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் மீதி கொடுத்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒன்றாக இருந்த நாணயம். அது பிரிந்ததைப் பொருளாதாரப் பாடத்தில் படித்தவர்கள் இருப்பார்கள். நான் ஸ்டாம்பு வாங்கும் இடத்தில் கற்றுக்கொண்டேன்.

போகிற கடிதத்துக்கு வழி கிடைத்தது, வருகிற கடிதத்துக்கு? பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த, மலேசியாவின் ஈப்போ ஊர்ப் பெண் ஒருத்தி என் பள்ளித் தோழி. அவள் முகவரியை அப்பாவுக்கு எழுதினேன். அப்பாவிடமிருந்து வந்த முதல் பதிலில் பாதிக்குமேல் திட்டு. பெல்ஃபாஸ்ட் என்றாலே நம் ஊர்ப் பத்திரிகையில் குண்டு வெடிப்புதானே. “வெடிகுண்டு ஊர் வழியாகக் கடிதம் வேண்டாம். தாமதமானாலும் பரவாயில்லை. இனி அங்கே எழுதமாட்டேன்.” அடுத்த வாரமே அதே முகவரிக்கு அடுத்த கடிதம், சிவப்பு மையில் அடுத்த எண்ணோடு. என் தோழி வாரக் கடைசியில் ரயிலேறி டப்ளின் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். டிராஃப்டும் அப்படியே வந்தது. வீட்டுக்காரம்மா நோட்டில் என் பெயரை அடித்துவிட்டு, “இதோ, பிரிட்டிஷ் தபால் நல்ல தபால் என்று என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார்கள்” என்று அதற்கும் தபால்காரரையே திட்டினார்.

அந்தத் தபால்காரரைத்தான் ஏப்ரலில் கூப்பிட்டுத் தன் வீட்டு வாசற்கதவுக்கு வர்ணம் அடிக்கச் சொன்னார்.

ஸ்டிரைக் நீண்டுபோனதும் சங்கம் கொடுத்த உதவித்தொகை எந்த மூலைக்கு? கிடைத்த சில்லறை வேலைக்கெல்லாம் ஆண்கள் போனார்கள். இவர் வர்ணம் அடிக்கப் போனார். கதவை உப்புத்தாளால் தேய்த்தபோது பழுப்புக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே கறுப்பு என்று வந்துகொண்டே இருந்தது. பித்தளையிலான கடிதத் துவாரத்தை முழுசாகக் கழற்றி, செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டு பிராசோ போட்டுத் துடைத்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வலது கை விரல் கணுக்களில் வரிவரியாகத் தழும்பு. என்ன என்று கேட்டதற்கு, அந்தத் துவாரத்தின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு ஸ்பிரிங். கடிதத்தை முழுசாக உள்ளே தள்ளாவிட்டால் மழையில் நனையும். தள்ளப்போனால் மூடி பட்டென்று விரலில் விழும். குளிர்காலத்தில் விறைத்த விரலில் விழுந்தால் தோல் உரிந்து வரும். சில வீடுகளில் துவாரம் கணுக்கால் உயரத்தில் இருக்கும், நாள் முழுக்கக் குனிய வேண்டும். சில வீடுகளில் உள்ளேயிருந்து நாய் காத்துக்கொண்டிருக்கும். இத்தனை நாள் அவர் கொண்டுவந்த கடிதத்தை ஆசையாக எடுத்தவள் நான். கதவின் அந்தப் பக்கத்தில் இப்படி ஒன்று நடப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, பையிலிருந்து மெல்லிசான வேறொன்றை எடுத்து மாட்டினார். விரலை விட்டுப் பார்த்தார். “வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லாதே. இது என் சொந்த வேலை” என்றார். வீட்டுக்காரம்மா மாலையில் வந்து கதவைப் பார்த்தார். நல்ல சிவப்பு. “ஸ்டிரைக்காரனுக்குக் கூலி கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே, பேசியதைவிடக் கூடுதலாக ஒரு நோட்டைத் திணித்து, பிள்ளைகளுக்கு என்று ஒரு பொட்டலம் ஹாமும் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலையில் மறுபடி திட்டு ஆரம்பம்.

அந்த வருஷம் தபால் மட்டும் இல்லை. மார்ச் 20-ஆம் தேதி டப்ளினில் ஒரு பேரணி. மாதச் சம்பளக்காரர்களிடம் மட்டும் வரியைப் பிடுங்குகிறார்கள், பெரிய விவசாயிகளும் வியாபாரிகளும் தப்பித்துவிடுகிறார்கள் என்று. ஒன்றரை லட்சம் பேர் என்றார்கள். வகுப்புக்குப் போக வழியில்லாமல் நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். பிறகு ஈரானில் புரட்சி நடந்ததன் விளைவாகப் பெட்ரோல் தட்டுப்பாடு. பம்பு முன்னால் மணிக்கணக்கில் வரிசை. எங்கள் நியூரிப் பயணமும் குறைந்துபோனது.

ஜூன் 7-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தலும், முதல் முறையாக ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலும் சேர்ந்து வந்தன. தபாலில் வர வேண்டிய பிரச்சாரத் தாள் எதுவும் இல்லை. கட்சிக்காரர்கள் வீடு வீடாக நடந்தார்கள். வீட்டுக்காரம்மா பரம்பரை ஃபியனா ஃபால் குடும்பம். பிரதமர் லிஞ்சின் கட்சி அது. வாசலுக்கு வந்த கட்சிப் பையனிடம், “முதலில் என் மகனின் மணியார்டரைக் கொண்டுவா, அப்புறம் ஓட்டைப் பற்றிப் பேசுவோம்” என்று அந்தச் சிவப்புக் கதவைச் சாத்தினார். நாடு முழுக்க அப்படிச் சாத்தியிருப்பார்கள் போல. 15 ஐரோப்பிய இடங்களில் லிஞ்ச் கட்சிக்கு 5-தான் கிடைத்தது. அந்த வருஷம் டிசம்பரில் அவர் பதவியை விட்டார். தபால்காரர்களால்தான் என்று சொல்லமாட்டேன். காரணம் பல. ஆனால் அதுவும் ஒன்று.

எல்லாவற்றிலும் எனக்கு மறக்காதது ஒன்று. அதே ஜூன் மாதத்தில், ஓகானல் தெருவில், ஜி.பி.ஓ.வுக்கு மிக அருகில், ஜிம் லார்கினுக்குச் சிலை திறந்தார்கள். 1913-இல் டப்ளின் தொழிலாளர்களைத் திரட்டி நின்ற சங்கத் தலைவர். இரண்டு கையையும் வானத்துக்கு வீசி எறிந்த மாதிரி ஒரு சிலை, இன்றைக்கும் இருக்கிறது. திறந்துவைத்தவர் நாட்டின் ஜனாதிபதி. சற்றுத் தள்ளி ஜி.பி.ஓ. தூண்களுக்குக் கீழே, நான்கு மாதமாகச் சம்பளம் இல்லாத தபால்காரர்கள் அட்டையோடு நிற்கிறார்கள். செத்துப்போன சங்கக்காரரைக் கௌரவிப்பது எந்த அரசுக்கும் சுலபம்.

ஜூன் கடைசியில் வேலைக்குத் திரும்பினார்கள். 18 வாரச் சம்பளம் போனது போனதுதான். கிடைத்த உயர்வை வைத்து அதை ஈடுகட்டவே வருஷக்கணக்காகும் என்று எங்கள் தபால்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். கசப்பாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அந்தத் துறையும் அதன்பின் வெகுநாள் நிலைக்கவில்லை. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற குழு அறிக்கை அந்த 1979-இலேயே வந்துவிட்டது. 1984-இல் தபாலுக்கு ஆன் போஸ்ட், தொலைபேசிக்கு டெலிகாம் ஏரன் என்று தனித்தனி நிறுவனங்கள் ஆயின.

ஷெரிஃப் தெருவிலிருந்து என் கடிதங்கள் தலைகீழாக வந்தன. மே மாதத்துத் திட்டு முதலில், பிப்ரவரி மாதத்து நலம் விசாரிப்பு கடைசியில். பெல்ஃபாஸ்ட் வழி தெரிவதற்கு முன்பு அப்பா நேராக அனுப்பியவை, என்னை நம்பாமல் இரண்டு முகவரிக்கும் நகல் அனுப்பியவை, எல்லாம் கலந்து. சிவப்பு எண்ணைப் பார்த்துக் கட்டிலில் வரிசையாக அடுக்கிப் படித்தேன். அம்மா அந்த இரண்டு விரல் இடத்தில், ஊறுகாய் பார்சல் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார். அந்தப் பார்சலும் வந்தது. நான்கு மாத எண்ணெய்க் கசிவோடு. அதைக் கொண்டுவந்தபோது தபால்காரர் “மலாயா!” என்று கத்தவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மணியை அடித்தார்.

வீட்டுக்காரம்மாவுக்கு வந்தது வேறு. வருஷக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து வாங்கிய போன் கூடத்தில் இருந்தது. அதற்கு ஸ்டிரைக் காலத்து பில் மொத்தமும் ஒரே உறையில் வந்து விழுந்தது. உறையைக் கிழித்தார், தொகையைப் பார்த்தார், கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். தபால்காரர் அதற்குள் நான்கு வீடு தாண்டியிருந்தார்.

“ஏய்! இதைத் திரும்பக் கொண்டுபோய் ஷெரிஃப் தெருவிலேயே வை!” என்று கத்தினார். “இன்னும் ஒரு மாதம் ஸ்டிரைக் செய்தால் என்ன கெட்டுப்போய்விடும் உங்களுக்கு?”